ஆர்லாண்டோ பேய்களும் காட்பாடி விமர்சகர்களும்

வேலூரில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற சித்திரை மாதத்தில்தான் எங்கள் கூட்டாளிகளுக்குள் அக்டோபர் மாதப் பேய்களைப் பற்றிய சண்டை தொடங்கும். இந்த வருஷம் அமெரிக்காவின் ஃபிளாரிடாவில், ஆர்லாண்டோ நகரத்து யுனிவர்சல் பூங்காவில் என்னென்ன பேய் வீடுகள் வரும், எந்தப் படத்தின் உரிமையை வாங்கியிருப்பார்கள், எந்த வீடு பெரிய ஸ்டூடியோ தளத்துக்குள், எது கூடாரத்துக்குள் என்று ஆளுக்கொரு பட்டியல் போடுவோம். எங்களில் ஒருவன் என் மாமா மகன். காட்பாடியில் படித்துவிட்டு ஆர்லாண்டோவில் வேலை பார்க்கிறான். இன்னொருவன் குடியாத்தத்துக்காரன், சிங்கப்பூரில் இருக்கிறான். மூன்றாவது ஆள் காட்பாடியில் மொபைல் கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழன். பாஸ்போர்ட்டே எடுக்காதவன். ஆனால் எந்த வீட்டில் எந்தத் திருப்பத்தில் ஆள் குதிப்பான் என்று போய்விட்டு வந்தவர்களுக்கே சொல்லித் தருவான். சமீபகாலமாக என் பெரியப்பாவும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். வாலாஜா பக்கம் ஒரு கூத்து ஜமாவில் மிருதங்கம் அடித்தவர். யாரும் கேட்காமலே கருத்துச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. ஹாலோவீன் சமயத்தில் பேய் வீடுகள் ஜோடித்து, வேஷக்காரர்களை விட்டு, காசு வாங்கிக்கொண்டு பயமுறுத்தும் பழக்கத்தை அமெரிக்கப் பொழுதுபோக்குப் பூங்காக்களில் பெரிய அளவில் தொடங்கி வைத்தது கலிஃபோர்னியாவின் பியூனா பார்க்கில் இருக்கும் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம். 1973-ல் மூன்று இரவுகளுக்கு மட்டும் தங்கள் பழைய சுரங்க ரயிலையும் மர ஓடத்தையும் ஜோடித்து, வேஷம் போட்ட ஆட்களை உள்ளே நிறுத்திப் பார்த்தார்கள். கூட்டம் அள்ளியது. இன்றைக்கும் 'நாட்ஸ் ஸ்கேரி ஃபார்ம்' நடக்கிறது. முழங்காலில் கவசம் கட்டிக்கொண்டு ஓடிவந்து, தரையில் தீப்பொறி பறக்கச் சறுக்கி உங்கள் காலடியில் வந்து நிற்கும் ஆட்கள் அங்கே பேர்போனவர்கள். யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஃபிளாரிடா 1991-ல் 'ஃபிரைட் நைட்ஸ்' என்ற பெயரில் இறங்கியது. அதுவும் மூன்றே இரவு, ஒரே ஒரு வீடு. அடுத்த வருஷமே பெயர் 'ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்' ஆனது. அங்கிருந்து 2024-க்கு வந்தால் 48 இரவுகள், 10 வீடுகள், ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் முதல் வாரம் வரை. பேய் வேஷம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் என்பது அக்டோபர் 31 ஒரே நாள். அதற்குப் பூங்காக்காரர்கள் இரண்டு மாதம் ஓட்டுகிறார்கள். நம்மூரில் ஆடித் தள்ளுபடி ஆனியிலேயே ஆரம்பிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

வேலூரில் ஹாலோவீன் என்று ஒன்றும் கிடையாது. கல்லூரி விடுதிகளில் பிள்ளைகள் முகத்தில் மாவு பூசிக்கொண்டு படம் எடுப்பதோடு சரி. நவம்பர் 2-ம் தேதி கல்லறைத் திருநாளுக்குக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கல்லறைகளைக் கழுவிப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அதில் பயம் எதுவும் கிடையாது, பாசம்தான். அப்படியிருக்க எங்களுக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று வீட்டில் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: இது ஒரு நாடகக் கலை, அதில் மேடை அசையாமல் நிற்க, பார்க்கிறவன் நடந்து போகிறான். இந்தத் தலைகீழ் ஏற்பாட்டில் எத்தனை சிக்கல் இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

ஒரு வீட்டுக்குள் நடக்க மூன்றிலிருந்து ஐந்து நிமிஷம் ஆகும். அவ்வளவுதான். அதற்காக வெளியே ஒரு மணி நேரம், கூட்டமான சனிக்கிழமை என்றால் இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்பார்கள். உள்ளே வளைந்து வளைந்து போகும் பாதை. ஒவ்வொரு அறையும் ஒரு காட்சி. சுவரில் எங்காவது ஒரு பலகை திறக்கும், அல்லது கறுப்புத் துணி விலகும். அந்தப் பொந்துக்கு ரசிகர்கள் 'பூ ஹோல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே நிற்கும் ஆள் காலடியில் ஒரு பெடலையோ கையில் ஒரு பொத்தானையோ அழுத்துவார். அந்த நொடியில் விளக்கு வெட்டும், ஸ்பீக்கர் அலறும், அவர் பாதி உடம்பை வெளியே நீட்டுவார். உடனே உள்ளே போய்விட வேண்டும். அடுத்த ஆள் வந்துகொண்டிருக்கிறான். இரவு முழுக்க இதே வேலை, ஆள் மாற்றி ஆள்.

எல்லாரும் பார்க்கும் பக்கத்தில் ஒரு பெரிய பொம்மை அசையும். தலை அந்தப் பக்கம் திரும்பியதும் இந்தப் பக்கம் காதுக்கருகே ஆள் வருவான். இதில் திறமை என்பது முகப்பூச்சில் பாதிதான். மீதி, எந்த ஆளை விட்டுவிட்டு எந்த ஆளைப் பிடிப்பது என்ற கணக்கு. மாமா மகன் பகலில் விளக்குப் போட்டுக் காட்டும் சுற்றுலா ஒன்றில் போய் வந்தான். அதை யுனிவர்சலே காசு வாங்கிக்கொண்டு நடத்துகிறது. இரவில் இரத்தம் சொட்டும் சுவர் பகலில் சாயம் பூசிய பலகை. அதைப் பார்த்தால் மயக்கம் தெளிந்துவிடும் என்று நான் நினைத்தேன். அவனுக்கோ பித்து இன்னும் முற்றியது. அன்று இரவே மறுபடி அந்த வீட்டுக்குப் போய், பொந்து இருக்கும் இடம் தெரிந்தும் கத்தினானாம். "இடம் தெரியும் மச்சான், நேரம் தெரியாதே" என்றான்.

பெரியப்பா இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கூத்தில் முக்கிய வேஷம் மேடைக்கு வரும்போது இரண்டு பேர் ஒரு திரைத்துணியைப் பிடித்துக்கொள்வார்கள். வேஷக்காரர் பின்னால் நின்று பாடுவார். சலங்கை கேட்கும், கிரீடத்தின் நுனி தெரியும், துணிக்குக் கீழே கால் தெரியும். ஆள் தெரியாது. பெரியப்பா சொல்வது: "துரியோதனன் திரைக்குப் பின்னாடி எவ்வளவு நேரம் நிக்கறான்னு இருக்குது பாரு, அதுலதான் கீது எல்லாம். சீக்கிரம் வந்தா சனம் சிரிக்கும். லேட்டா வந்தா பீடி பத்த வைக்கப் போயிடும்." அந்த நேரத்தை அளந்து கொடுப்பது மிருதங்கக்காரன் வேலையாம். ஆர்லாண்டோவில் அதே வேலையை ஒரு பெடல் செய்கிறது. "அப்போ அங்க மத்தளக்காரனுக்குச் சம்பளம் மிச்சம்" என்றார்.

கிண்டல் இருக்கட்டும். அவர் சொன்னதில் ரசிகர்களின் தீராத புலம்பல் ஒன்றுக்கு விளக்கம் கிடைத்தது. அந்தப் புலம்பலுக்குப் பெயர் 'காங்கா லைன்'. பெரிய பூங்காக்களில் ஆட்களைக் கும்பல் கும்பலாக இடைவெளி விட்டு அனுப்ப மாட்டார்கள். ஒருவர் முதுகைப் பார்த்தபடி இன்னொருவர், வீடு முழுக்க ஒரே தொடர். திருப்பதியில் தர்ம தரிசன வரிசை நகர்கிற மாதிரிதான். 'ஜருகண்டி' சொல்ல மட்டும் ஆள் இல்லை. சீக்கிர தரிசனத்துக்குத் தனிச் சீட்டும் உண்டு, எக்ஸ்பிரஸ் பாஸ். சில இரவுகளில் அதன் விலை நுழைவுச் சீட்டையே தாண்டிவிடும். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் பேரை உள்ளே விட்டால் கணக்குப்படி மூன்றரை வினாடிக்கு ஒருவர். பொந்துக்குள் இருப்பவர் வெளியே வந்து, கத்தி, உள்ளே போய், மறுபடி மூச்சு வாங்கித் தயாராவதற்குள் இரண்டு மூன்று பேர் தாண்டிவிடுவார்கள். நீங்கள் அந்த இரண்டு மூன்று பேரில் ஒருவராக இருந்தால் காலியான சுவரைப் பார்த்துவிட்டுப் போவீர்கள். அதைவிடக் கொடுமை, முன்னால் போகிறவரை அவர் பயமுறுத்துவதை நீங்கள் நாலடி தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பது. அப்புறம் உங்கள் முறை வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

சின்ன ஊர்களில் தனியார் நடத்தும் பேய் வீடுகளில் ஆறேழு பேராகத்தான் உள்ளே விடுவார்களாம். அங்கே செட் சுமாராக இருக்கும், பயம் நன்றாக இருக்கும். பெரிய பூங்காவில் செட் பிரமாதம். மழை பெய்யும், பனி விழும், கப்பல் நிற்கும், அறைக்கு அறை வாசனை மாறும். 2022-ல் ஆர்லாண்டோவில் மீனவக் கிராமம் ஒன்றை வைத்து 'டெட் மேன்ஸ் பியர்' என்று ஒரு வீடு செய்தார்கள். எந்தப் படத்தின் கதையும் கிடையாது, தாங்களே யோசித்த கதை. அன்றிலிருந்து இன்றுவரை ரசிகர்கள் அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். மாமா மகன் அதற்குள் போவதற்காகவே பல இரவுக்குச் செல்லும் பாஸை வாங்கினான். அந்தப் பாஸுக்குப் பெயர் 'ஃபிரீக்வென்ட் ஃபியர்'. அவன் ஆபீஸில் தமிழ் ஆட்கள் இதை 'மாசாந்திர பஸ் பாஸ்' என்கிறார்களாம்.

படக் கதை வீடா, சொந்தக் கதை வீடா என்பது எங்கள் கூட்டத்தைப் பிளக்கிற கேள்வி. மொபைல் கடைக்காரன் படக் கட்சி. தெரிந்த பேய் வந்தால்தான் கூட்டத்துக்குப் பிடிக்கும், காசு வரும், அந்தக் காசில்தான் சொந்தக் கதை வீடுகளும் நடக்கும் என்பான். வியாபாரக் கணக்கில் அவன் சொல்வது சரி. ஆனால் படம் பார்த்தவனுக்கு அடுத்த அறையில் என்ன என்று தெரியும். அவன் பயப்பட வரவில்லை, சரிபார்க்க வருகிறான். அந்தக் காட்சி இருக்கிறதா, அந்தச் சட்டை அதே நிறமா, அந்த வசனம் கேட்டதா என்று டிக் போட்டுக்கொண்டே போகிறான். இதையே நம்மூர்க் கூத்திலும் கேட்கலாம்: பாரதக் கதை எல்லாருக்கும் தெரியும், துச்சாதனன் சாவான் என்று தெரியும், அப்புறம் ஏன் விடிய விடிய உட்கார்கிறார்கள்? மொபைல் கடைக்காரன் இதை எடுத்துப் போட்டதும் நான் வாயடைத்துப் போனேன். பெரியப்பாதான் காப்பாற்றினார். கதை தெரியும், ஆனால் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் இன்றைக்கு எந்த ஊர்க்காரனை வம்புக்கு இழுப்பான், எந்த இடத்தில் சிரிப்பு நின்று அழுகை வரும் என்பது தெரியாது, கூத்தாடி அதை அன்றைய ஜனத்தைப் பார்த்து மாற்றிக்கொள்வான் என்றார். படக் கதை வீட்டில் பொந்துக்குள் நிற்பவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அவர் அந்த நடிகரின் முகமூடியைப் போட்டு, அந்த நடிகர் செய்ததைச் செய்ய வேண்டும்.

இதனாலேயே தெருவில் உலாத்தும் பேய்களை எனக்கு வீட்டுப் பேய்களைவிடப் பிடிக்கும். 'ஸ்கேர் ஜோன்' என்பார்கள், வீடுகளுக்கு நடுவே பூங்காவின் தெருவிலேயே வேஷக்காரர்கள் திரிவார்கள். சங்கிலி கழற்றிய மரம் அறுக்கும் மெஷினை உறுமவிட்டுத் துரத்துவார்கள். வாய்ச்சாலக்காரப் பேய்கள் நின்று பேசும். 2000-ல் யுனிவர்சல் உருவாக்கிய ஜாக் என்ற கோமாளி அப்படித்தான் ரசிகர்களின் செல்லப் பிள்ளையானான். எந்தப் படத்திலிருந்தும் வந்தவன் இல்லை. கிட்டத்தட்ட கட்டியக்காரன் ஜாதி. சிரிக்க வைத்து, சிரிப்பு அடங்கும் முன் குரலை மாற்றுவான்.

சிங்கப்பூரில் இந்த விழா 2011-ல் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் தொடங்கியது. நடுவில் கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருஷம் நின்று 2022-ல் திரும்பியது. என் பார்வையில் அங்கேதான் இந்தக் கலை சரியான பாதையைப் பிடித்தது. 2016-ல் ஹாக்கர் சென்டரை வைத்து ஒரு வீடு செய்தார்கள். தினமும் சோறு வாங்கும் கடைவரிசை, அதே ஸ்டூல், அதே தட்டு, அதில் பிணங்கள். குடியாத்தத்துக்காரன் வெளியே வந்த பிறகு ரொம்ப நாள் மீன் உருண்டை சாப்பிடவில்லை என்றான். 2018-ல் பொன்தியானாக் வீடு. பிரசவத்தில் இறந்த பெண் பேயாக வாழைத்தோப்பில் திரிவதாக மலாய்க்காரர்கள் சொல்லும் கதை. இவனோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர் அதைப் பார்த்துவிட்டு முகப்பூச்சு நன்றாக இருக்கிறது என்றாராம். இவனுக்குக் கால் நடுங்கியது. காரணம் இருக்கிறது. இவன் ஊர்ப் பக்கம் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நிற்கும். பிள்ளை வயிற்றிலிருக்கும்போதே இறந்துபோன பெண்ணுக்காக நட்ட கல். தலைச்சுமையோடு வருகிறவர்கள் அதன் மேல் இறக்கி வைத்து இளைப்பாறினால் அவள் சுமை குறையும் என்பது நம்பிக்கை. உச்சிவேளையிலும் இருட்டிய பின்னும் அந்தக் கல் பக்கம் போகாதே என்று பாட்டி சொல்லி வளர்ந்தவனுக்குப் பொன்தியானாக் புரிய யாரும் விளக்க வேண்டியதில்லை.

நானும் ஒரு அக்டோபரில் அவனோடு போயிருக்கிறேன். வீட்டைவிட வரிசையில் நின்றவர்களைத்தான் அதிகம் பார்த்தேன். நண்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியபடி முழு வீட்டையும் கடந்து வந்த பெண், வெளியே வந்ததும் "சூப்பர்" என்றாள். எதைப் பார்த்தாள் என்று எனக்குப் புரியவில்லை. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் இதையே ஆராய்ச்சியாகச் செய்கிறார்கள். வெய்லே என்ற ஊரில் உள்ள ஒரு பேய் வீட்டில் 110 பேருக்கு இதயத் துடிப்பு அளக்கும் கருவி மாட்டி அனுப்பி, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். பயம் கொஞ்சமாக இருந்தாலும் ரசிப்பு குறைவு, அளவுக்கு மீறினாலும் குறைவு, நடுவில் ஓரிடத்தில்தான் உச்சம். அதற்கு முந்தின வருஷ ஆய்வு ஒன்றில் ஆட்களையே இரண்டாகப் பிரித்திருந்தார்கள்: பயத்தை ஏற்றிக்கொள்ள முயல்கிறவர்கள், பயத்தை அடக்கிக்கொள்ள முயல்கிறவர்கள். இரண்டு தரப்பும் ஒரே அளவுக்குத் திருப்தியாகத் திரும்பினார்களாம். கண்ணை மூடிய பெண்ணுக்கு அறிவியல் ஆதரவு இருக்கிறது. பெரியப்பா மட்டும், "இதுக்கு இன்னாத்துக்கு மெஷினு? புள்ளைங்க ஓடுதா, ஓடிப் போயி மறுபடி முன்வரிசைல வந்து குந்துதான்னு பார்த்தா தெரியாதா" என்று கேட்டார்.

இப்போது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். வேலூரில் மாசி அமாவாசையை ஒட்டி, மகா சிவராத்திரி முடிந்ததும், மயானக் கொள்ளை நடக்கும். பல பகுதிகளிலிருந்தும் அங்காளம்மன் ஊர்வலம் பாலாற்றங்கரை மயானத்துக்கு வரும். சுற்றுப்பட்டில் உள்ளவர்கள் எல்லாம் அன்றைக்கு விருதம்பட்டுப் பக்கம் ஆற்று மணலில் இருப்பார்கள். நீலமும் சிவப்பும் கறுப்பும் பூசிய காளிகள் நூற்றுக்கணக்கில், நாக்குத் தொங்க, கையில் சூலம், கழுத்தில் எலும்பு மாலை. பம்பையும் உடுக்கையும். சிலர் வாயில் ஆட்டுக் குடல் இருக்கும். சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலத்தை அம்மன் மயானத்தில் சோற்றை இறைத்துக் கீழே இறக்கி மிதித்த கதைதான் இது. இங்கேயும் கொழுக்கட்டை, சுண்டல், காய்கறி, சில்லறைக் காசு எல்லாவற்றையும் கூட்டத்தின் மேல் சூறை விடுவார்கள்.

எந்தப் பூங்காக்காரன் வந்து பார்த்தாலும் சொல்வான், உலகத்திலேயே பெரிய ஸ்கேர் ஜோன் இதுதான் என்று. மொபைல் கடைக்காரன் வருஷா வருஷம் அதைத்தான் சொல்கிறான். எனக்கு ஒப்புதல் இல்லை. ஆர்லாண்டோவில் வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கும் ஒப்பந்தம், பேய் உங்களைத் தொடாது, நீங்களும் பேயைத் தொடக்கூடாது. அந்த ஒரு விதியின் மேல்தான் முழு வியாபாரமும் நிற்கிறது. கழுத்துக்கு அரையடியில் கத்தி வரும்போது உடம்பு பதறுகிறது, மூளைக்குள் ஒரு மூலையில் 'தொட மாட்டான்' என்ற நிம்மதி இருக்கிறது. அந்தப் பதற்றத்துக்கும் நிம்மதிக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். பாலாற்றில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே தொட வேண்டும் என்றுதான் போகிறார்கள். காளி தாண்டிப் போகட்டும் என்று மணலில் குப்புறப் படுக்கிறார்கள். கைக்குழந்தையைத் தூக்கி அந்தப் பயங்கர முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள். குழந்தை வீறிட்டு அழும், அம்மாவுக்குக் கண்ணில் நீர் வரும், காளி திருநீறு பூசிவிட்டு அடுத்தவரிடம் போவாள். வேஷம் போட்டவர் நேற்றுவரை ஆட்டோ ஓட்டியவர் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில் அது யாருக்கும் நினைவில் இல்லை. இதில் பயம் இருக்கிறது, பொழுதுபோக்கு இல்லை. காங்கா லைன் புலம்பலும் இங்கே கிடையாது. எவ்வளவு கூட்டம் நெருக்குகிறதோ அவ்வளவு வேகம் கூடும். இடைவெளி தேவைப்படுவது நடிக்கும் பேய்க்கு மட்டும்தான் போல.

ஆகவே எங்கள் கனவுத் திட்டமான 'வேலூர்ப் பேய் வீடு' பற்றிப் பேசும்போதெல்லாம் மயானக் கொள்ளைக்கு நான் தடை போட்டுவிடுவேன். சாமி விஷயம், டிக்கெட் போடக்கூடாது. சரி, வேறு என்ன இருக்கிறது? கோட்டை என்றான் சிங்கப்பூர்க்காரன். அகழி, அதில் முதலை இருந்ததாகச் சொல்லும் கதைகள், இருட்டு மண்டபங்கள். எல்லாம் சரிதான். ஆனால் 1806 ஜூலை 10-ம் தேதி அந்தக் கோட்டைக்குள் எழுந்த சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். மக்கான் அருகில் நினைவுத் தூண் நிற்கிறது, வருஷா வருஷம் மாலை போடுகிறார்கள். அந்தச் சிப்பாய்க்கு வெள்ளைப் பவுடர் பூசிப் பொந்துக்குள் நிறுத்த எனக்கு மனசு வராது. அடுத்தது டேனரி, அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலை. ராட்சத மர டிரம் சுற்றும் சத்தம், உப்புப் போட்ட தோல், அந்த நாற்றம். அமெரிக்காவில் நாற்றத்தைக் குப்பியில் அடைத்து மெஷின் வைத்து ஊதுகிறார்கள், நமக்கு இலவசம் என்றான் மொபைல் கடைக்காரன். இதிலும் நின்றுவிட்டோம். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் படுத்துத் தூங்கிய தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் டேனரிப் பேய் என்று எதைச் செய்தாலும் அவர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள்.

இது எங்கள் ஊர்க் கூச்சம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2016-ல் நாட்ஸ் பெர்ரி ஃபார்மில் மனநல மருத்துவமனையை வைத்து, மெய்நிகர்க் கண்ணாடி மாட்டிப் பார்க்கும் ஒரு காட்சியைத் தொடங்கினார்கள். பெயரில் 5150 என்ற எண் இருந்தது. கலிஃபோர்னியாவில் மனநலம் பாதித்தவரைக் கட்டாயமாகக் காவலில் வைக்கும் சட்டப்பிரிவின் எண் அது. நோயாளிகளின் குடும்பங்களும் மனநல அமைப்புகளும் கொதித்தன. அந்த மாதமே மூடிவிட்டார்கள். ரசிகர்களில் ஒரு பாதி, 'எல்லாவற்றுக்கும் மனசு புண்பட்டால் பேய் வீடே நடத்த முடியாது' என்று முறுக்கிக்கொண்டது. நான் மறு பாதி. ஆஸ்பத்திரிகளை நம்பி வாழும் ஊரில் பிறந்தவன். கட்டுப் போட்ட தலையோடு வெளியூர்க்காரர்கள் லாட்ஜ் வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு நோயாளியைப் பேயாக்குவதில் சுவாரஸ்யம் இருக்காது.

கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்டது, கடைசி பஸ். காட்பாடி ஸ்டேஷனில் ராத்திரி ரயிலை விட்டு இறங்கி, ஊருக்குப் போகும் கடைசி டவுன் பஸ்ஸில் ஏறுகிறீர்கள். பஸ்ஸே முதல் அறை. கண்டக்டர் சீட்டுக் கிழித்துக் கொடுப்பார், அதில் நீங்கள் கேட்காத ஊரின் பெயர் இருக்கும். பாலாற்றுப் பாலத்தில் வண்டி நிற்கும். பின்வாசல் வழியாக இறங்கி ஆற்று மணலில் நடக்க வேண்டும். புளியமரம், முனி, சுருட்டு வாசனை, ஒற்றைச் சலங்கை. பஸ் கொள்கிற ஆட்களைத்தான் ஒரு தடவை விடுவோம் என்பதால் காங்கா லைன் தானாகவே ஒழிந்தது. மாமா மகன் காகிதத்தில் பாதை வரைந்து அனுப்பியிருக்கிறான், பொந்துகளுக்கு எண் போட்டு. எனக்குப் பிடித்தது முனி கண்ணுக்கே தெரியாமல் இருப்பதுதான். சுருட்டு நெருப்பு மட்டும் ஆறடிக்கு மேலே இருக்க வேண்டும்.

நெருப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. நம்மூர்ப் பொருட்காட்சிகளில் மரணக் கிணற்றுக்குப் பக்கத்தில் 'பேய் வீடு' என்று ஒன்று போடுவார்களே, அதில் எனக்குப் பேய் மேல் பயம் வந்ததே இல்லை. தெர்மோகோல் மண்டை ஓடு, கறுப்புத் துணிச் சுவர், ஒட்டுப் போட்ட ஒயர், வெளியே ஜெனரேட்டர். ஒருமுறை பாதி வழியில் கரண்ட் போய், துணியைத் தடவித் தடவி நாங்களே வாசலைக் கண்டுபிடித்தோம். 1984 மே மாதம் நியூஜெர்சியில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவின் பேய்க் கோட்டை தீப்பிடித்து, இளவயதுப் பிள்ளைகள் 8 பேர் செத்துப்போனார்கள். டிரெய்லர்களை ஒட்டிக் கட்டிய இருட்டுக் கட்டடம், தண்ணீர் தெளிக்கும் ஏற்பாடு கிடையாது. அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் இந்த மாதிரி வீடுகளுக்கு ஸ்பிரிங்க்ளரும் புகை உணரியும் கட்டாயமாகின. இன்றைக்கு ஆர்லாண்டோவில் எவ்வளவு இருட்டான அறையிலும் ஓரத்தில் எக்ஸிட் விளக்கு எரியும். அது காட்சியைக் கெடுக்கிறது என்று முணுமுணுக்கும் ரசிகர்களும் உண்டு. என் ஓட்டு எக்ஸிட் விளக்குக்கு. எங்கள் பஸ்ஸில் எமர்ஜென்சி ஜன்னல் கண்டிப்பாகத் திறக்கும்.

இந்த வருஷமும் மாமா மகன் அக்டோபருக்கு வரச்சொல்கிறான். விசா, டிக்கெட் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு மொபைல் கடைக்காரன் வழக்கம்போல, "நீ போனைப் பிடிச்சிக்கினு உள்ள நட, நான் இங்கேர்ந்து பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டான். உள்ளே படம் எடுக்கக்கூடாது என்பது வேறு விஷயம். பெரியப்பா மட்டும் சீரியஸாக விசாரித்தார். எத்தனை பேர் வேஷம் கட்டுவார்கள், யார் முகம் எழுதுவது, சாப்பாடு யார் போடுவது. கடைசியாக, ராத்திரி எத்தனை மணி வரைக்கும் ஆடுவார்கள் என்று கேட்டார்.

"ரெண்டு மணி வரைக்கும் பெரியப்பா."

"ரெண்டு மணிக்கா? அப்பத்தான்டா எங்க ஜமாவுல பீமனே வருவான்."